பாலத்தின் மேல் ஒருத்தி: ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்களில் தனித்த பெண்

1876ஐ ஒட்டி கொபயாஷி கியோச்சிகா வரைந்த அச்சுப்படம் ஒன்று. தோக்கியோவில் பனி பெய்கிறது. கய்யுன் பாலத்தின் மேல் ஒரு பெண் குடை பிடித்தபடி நடந்து போகிறாள். நமக்குத் தெரிவது அவளுடைய முதுகு மட்டுமே. அவளுக்கு எதிரே முதல் தேசிய வங்கியின் கட்டடம் நிற்கிறது. கீழே மேலைநாட்டு மாளிகை, மேலே ஜப்பானியக் கோட்டைக் கோபுரம் என்று இரண்டு உலகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கட்டிய கட்டடம் அது. அவள் யார், எங்கே போகிறாள், இந்தப் பனியில் ஏன் தனியே வந்தாள் என்பதற்குப் படத்தில் ஒரு துப்பும் இல்லை.

ஜப்பானிய அச்சுப்படங்களில் கொஞ்சம் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் காட்சி எங்கோ பார்த்ததுபோல் இருக்கும். பாலம், குடை, மழை அல்லது பனி, தனியாக ஒரு பெண். நாள்காட்டிகளிலும் நூல் அட்டைகளிலும் ஓயாமல் வரும் சேர்க்கை இது. இதற்கு விளக்கம் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத் தருகிறார்கள். பாலம் நிலையாமையைக் குறிக்கிறது, தனித்த பெண் ஏக்கத்தைக் குறிக்கிறாள், இரண்டும் சேர்ந்து ஜப்பானிய மனத்தின் என்றுமுள்ள துயரமாகிறது என்பார்கள். எனக்கு இந்தப் பதிலில் உடன்பாடில்லை. படங்களைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. பாலத்தில் அமைதியாகத் தனித்து நடக்கும் பெண் மிகவும் பிந்தி வந்தவள். அவளுக்கு நெடுங்காலம் முன்பு பாலத்தில் தனியே நின்றவள் காத்திருப்பவளாகவும் அஞ்சத்தக்கவளாகவும் இருந்தாள். இந்த இருவருக்கும் நடுவே, அச்சுப்படக் கலை உச்சத்தில் இருந்த காலத்தில், பாலம் முழுக்கக் கூட்டம்.

பழைய இலக்கியத்திலிருந்தே தொடங்கவேண்டும். எதோ (தோக்கியோவின் பழைய பெயர்) காலத்து ஓவியர்களும் அவர்கள் படத்தை வாங்கியவர்களும் அதில் ஊறியவர்கள். கியோத்தோவுக்குத் தெற்கே உஜி ஆறு ஓடுகிறது. அதன்மேல் முதல் பாலம் 646இல் கட்டப்பட்டதாக மரபு சொல்கிறது. அந்தப் பாலத்துக்கு ஹஷிஹிமே என்ற காவல் தெய்வம் உண்டு; பாலத்து நங்கை என்று நாம் அழைக்கலாம். 905ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட கொக்கின்ஷு பாடல் தொகுதியிலேயே அவள் வந்துவிடுகிறாள். ஒற்றை ஆடையை விரித்துத் தனியே படுத்து, இன்றிரவும் ஒருவனுக்காகக் காத்திருப்பவளாக அங்கே அவளைக் காண்கிறோம். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு எழுதிய கெஞ்சி கதையின் 54 அத்தியாயங்களில் கடைசிப் பத்தும் உஜியைச் சுற்றியே நடக்கின்றன. அவற்றில் முதல் அத்தியாயத்தின் பெயர் ஹஷிஹிமே. கடைசி அத்தியாயத்தின் பெயர் கனவின் மிதவைப் பாலம். இடையில் உகிஃபுனே என்ற இளம்பெண் இரண்டு ஆண்களுக்கு நடுவே அகப்பட்டு, அந்த ஆற்றிலேயே உயிரை விடத் துணிகிறாள். நிலமே உணர்ச்சியாகிவிடும் இந்த முறை, அகத்திணை படித்த நமக்கு அன்னியமாகத் தோன்றாது. உஜி என்ற பெயரைச் சொன்னாலே போதும், வராதவனும் காத்திருப்பவளும் கூடவே வந்துவிடுவார்கள்.

ஆனால் இதே ஹஷிஹிமேக்கு இன்னொரு முகமும் உண்டு. ஹெய்க்கே போர்க் கதையின் ஒரு வடிவத்தில், பொறாமையில் வெந்த ஒருத்தி கிஃபுனே கோயிலில் தன்னை அரக்கியாக்கும்படி வேண்டுகிறாள். தலையில் இரும்பு முக்காலியைக் கவிழ்த்து அதில் பந்தங்களைக் கொளுத்திக்கொண்டு 21 நாள் உஜி ஆற்றில் மூழ்கிக் கிடந்து, உயிரோடிருக்கும்போதே அரக்கியாகிறாள். நோ நாடகம் இந்தக் கதையை எடுத்துக்கொண்டது. தொரியாமா செக்கியென் 1779இல் வெளியிட்ட பேய்ப் படப் புத்தகத்தில் ஹஷிஹிமேக்கு ஓர் இடம் கொடுத்தார். உதமாரோவின் ஆசான் இவர் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். அழகிகளை வரைந்து பெயர் பெற்ற மாணவரும், பாலத்து அரக்கியை வரைந்த ஆசானும் ஒரே பட்டறைக்காரர்கள்.

கியோத்தோ நகருக்குள் இச்சிஜோ தெருவில் மொதொரிபாஷி என்ற சிறு பாலம் இருக்கிறது. முற்காலத்தில் அங்கே குறி கேட்பார்கள். பாலத்தருகே நின்று, கடந்து போகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொற்களில் வருங்காலத்தைத் தேடுவது அந்த வழக்கம். அரசியாகிய தன் மகளின் பேற்றுக் காலத்தில் தாய் இப்படிக் குறி கேட்டதாகப் பழைய வரலாற்றுக் கதை ஒன்று சொல்கிறது. வீரன் வதனபே நொ ட்சுனா இரவில் ஓர் அழகியைச் சந்தித்ததும் இதே பாலத்தில்தான். துணைக்கு வரும்படி கேட்டவள் திடீரென அரக்கியாகி அவனை முடியைப் பிடித்துத் தூக்க, அவன் அவள் கையை வெட்டி வீழ்த்தினான். இந்தக் காட்சியைப் பல அச்சுப்பட ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். நாடக ஆசிரியர் மொக்குஆமி 1890இல் இதைக் கபுக்கியாக எழுதியபோது, நீரில் விழும் பிம்பம்தான் அவளுடைய உண்மை உருவைக் காட்டிக்கொடுக்கிறது. இந்த மரபில் பாலத்தில் தனியே நிற்கும் பெண்ணைக் கண்டால் இரக்கம் எழுவதில்லை. இந்த நேரத்தில் இவள் இங்கே எப்படி என்ற கேள்விதான் எழுகிறது.

அந்தக் கேள்வி வெறும் கற்பனையிலிருந்து வந்ததும் இல்லை. எதோ காலத்துப் பெண் தன் விருப்பப்படி ஊர் கடப்பது எளிதாக இல்லை. நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடிகளில் உள்ளே வரும் துப்பாக்கியையும் வெளியே போகும் பெண்ணையும் ஒரே கண்டிப்போடு தடுத்தார்கள். எதோவில் பணயம்போல் வைக்கப்பட்டிருந்த பிரபுக்களின் மனைவிகள் தப்பிவிடக்கூடாது என்பதே இதன் நோக்கம். ஆனால் சுமை எல்லாப் பெண்கள் மேலும் விழுந்தது. பெண்ணுக்கென்று தனி அனுமதிச்சீட்டு. ஹகோனே, அராய் சாவடிகளில் தலைமுடி முதல் உடல் அடையாளம் வரை பார்த்தார்கள். இவ்வளவுக்கும் நடுவே கோயில் யாத்திரை போன பெண்கள் ஏராளம் என்பதையும் சொல்லவேண்டும். அவர்கள் பெரும்பாலும் குழுவாகப் போனார்கள்.

அச்சுப்படங்களில் அதிகம் வரையப்பட்ட பெண்களின் நிலை இதைவிட இறுக்கமானது. யொஷிவாரா என்ற பரத்தையர் குடியிருப்பு 1657இல் அசாகுசாவுக்குப் பின்புறம் இருந்த வயல்வெளிக்கு மாற்றப்பட்டது. சுற்றிலும் கறுத்த நீரோடும் அகழி. உள்ளே போகவும் வெளியே வரவும் பெருவாயில் ஒன்றுதான். அகழியின் மேல் சில தூக்குப் பாலங்கள் இருந்தன. அவை வழக்கமாகத் தூக்கியே வைக்கப்பட்டிருந்தன. தலைமுறை தலைமுறையாக ஓவியர்கள் பட்டும் பூவுமாக வரைந்து விற்ற பெண்கள், இறக்கப்படாத அந்தப் பாலங்களுக்கு உட்புறம் இருந்தவர்கள். இதை மறந்துவிட்டு அந்தப் படங்களில் சுதந்திரமான ஏக்கத்தைத் தேடுவது சரியாகாது.

இனி எதோவின் உண்மைப் பாலங்களைப் பார்க்கலாம். நகரம் முழுவதும் கால்வாய்கள். 1603இல் கட்டப்பட்ட நிஹொன்பாஷியிலிருந்துதான் நாட்டின் ஐந்து நெடுஞ்சாலைகளும் தொடங்கின. அதன் பக்கத்திலேயே மீன் சந்தை. சுமிதா பேராற்றின் குறுக்கே மட்டும் பாதுகாப்பை எண்ணி நெடுநாள் பாலம் கட்டாமல் இருந்தார்கள். வடக்கே செஞ்சு பாலம் ஒன்றே விதிவிலக்கு. 1657 பெருந்தீயில் ஆற்றங்கரையில் தப்ப வழியின்றி மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்த பிறகுதான் ரியோகொகு பாலம் வந்தது. பிறகு ஷின்-ஓஹஷி, எய்த்தாய், 1774இல் அசுமா என ஐந்தாயின. இவற்றின் இரு முனைகளிலும் தீ பரவாமல் இருக்க வெற்றிடம் விட்டிருந்தார்கள். அந்த வெற்றிடங்களில் தேநீர்க் கடைகளும் வித்தை காட்டுபவர்களும் தின்பண்டக்காரர்களும் வந்து குவிந்தார்கள். 1807இல் திருவிழாக் கூட்டத்தின் பாரம் தாங்காமல் எய்த்தாய் பாலம் இடிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். எதோவாசி ஒருவரிடம் பாலம் என்றால் அவர் நினைவுக்கு வந்திருக்கக்கூடியது நெரிசல்தான்.

படங்களும் அதைத்தான் காட்டுகின்றன. 1790களில் உதமாரோ வரைந்த ரியோகொகு பாலப் படம் ஆறு தாள்கள் சேர்ந்தது. மேல் வரிசையில் பாலக் கைப்பிடியில் சாய்ந்து பெண்கள் காற்று வாங்குகிறார்கள். கீழ் வரிசையில் படகுகளிலும் பெண்கள். கியோனகாவின் பெண்களும் பெரும்பாலும் தோழியரோடும் பணிப்பெண்களோடும்தான் நடமாடுகிறார்கள். ஹொகுசாயிக்குப் பாலத்தின் பொறியமைப்பிலேயே மோகம். 1834ஐ ஒட்டி வெளிவந்த 11 படங்கள் கொண்ட அவருடைய பாலத் தொடரில் மனிதர்கள் எறும்புகளாகச் சுருங்கிவிடுகிறார்கள். யனாகிபாஷி, ஷின்பாஷி என்று கெய்ஷாக்களின் தெருக்களே பாலங்களின் பெயரைத் தாங்கின. அவ்வளவு நடமாட்டம், அவ்வளவு வியாபாரம்.

அப்படியானால் அந்தக் காலத்தில் தனித்த பெண்ணே இல்லையா? இருந்தாள், ஆனால் வேறு இடங்களில். பல வண்ண அச்சு 1765இல் பிறந்தபோது அதன் முதல் பெரும் கலைஞரான ஹருநொபு, மழை இரவில் குடையும் விளக்குமாகக் கோயிலுக்குப் போகும் பெண்ணை வரைந்தார். கியொமிசு கோயிலின் உயர்ந்த மேடையிலிருந்து குடையை விரித்துக்கொண்டு குதிக்கும் பெண்ணையும் வரைந்தார். சோக்கியின் பெண் ஒருத்தி கடலோரத்தில் புத்தாண்டுச் சூரியனைப் பார்த்து நிற்கிறாள். இவர்கள் தனித்தவர்கள்தான், ஆனால் வேண்டுதல், காதல், நோன்பு என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு காரியம் இருக்கிறது. பார்ப்பவருக்கு அந்தக் காரியம் தெரியும், அல்லது ஊகிக்கும்படி குறிப்பு கொடுக்கப்பட்டிருக்கும். ஹருநொபுவின் படங்களில் பாதி இன்பமே அந்தக் குறிப்பை அவிழ்ப்பதில் இருந்தது.

பாலத்துக்கும் பிரிவுக்கும் உள்ள உறவை மக்கள் மனத்தில் ஆழமாக ஊன்றியது மேடை. சிக்கமத்சு மொன்சாயெமோனின் அமிஜிமா காதல் மரணங்கள் என்ற பொம்மை நாடகம் 1721இல் ஒசாகாவில் அரங்கேறியது. அதில் காகித வணிகன் ஜிஹெய்யும் பரத்தை கொஹருவும் சாகப் போகும் வழியில் ஒசாகாவின் பாலங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கடக்கிறார்கள். அவர்கள் கடக்கும் பாலங்கள் எல்லாம் பார்வையாளர்கள் அன்றாடம் நடந்து போன பாலங்கள். அங்கேயும் இருவர் என்பதைக் கவனிக்கவேண்டும். எதோ காலக் கலை பாலத்தில் துயரத்தை ஏற்றியபோதும் ஒருத்தியை மட்டும் நிறுத்தவில்லை.

மாற்றம் தொடங்குவது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். அதற்கு மூன்று காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. 1830ஐ ஒட்டி மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிரஷ்ய நீலம் வானையும் நீரையும் அந்திப் பொழுதையும் அச்சில் ஆழமாகக் காட்டும் வசதியைத் தந்தது. நிலக்காட்சி தனி வகையாக வளர்ந்தது. 1842இல் தென்போ சீர்திருத்தம் பரத்தையர், கெய்ஷாக்கள், நடிகர்கள் ஆகியோரின் படங்களைத் தடை செய்தது. ஆகவே பெண்ணுருவைப் பதிப்பாளர்கள் வேறு போர்வையில் விற்கவேண்டியிருந்தது. அறநெறிக் கதை ஒரு போர்வை, ஊர்க்காட்சி இன்னொரு போர்வை. தடை சில ஆண்டுகளில் தளர்ந்தது என்றாலும், பெண்ணையும் இடத்தையும் ஒரே தாளில் கலக்கும் பழக்கம் நிலைத்துவிட்டது.

இந்தப் பழக்கத்தின் மிக உயர்ந்த விளைவு என்று நான் கருதுவது ஹிரோஷிகேயின் எதோவின் நூறு புகழிடங்கள் தொடரில் 1857இல் வந்த மத்சுச்சியாமா, சன்யா கால்வாய் இரவுக் காட்சி. ஒரு கெய்ஷா சுமிதாவின் கிழக்குக் கரையில் நடந்து போகிறாள். பின்னால் ஆறு, அதற்கப்பால் கால்வாயின் வாயில், உணவு விடுதிகளின் விளக்கொளி, இமாதோ பாலம். அந்தக் கால்வாய் வழியேதான் ஆண்கள் படகில் யொஷிவாராவுக்குப் போவார்கள். மனிதர்களைச் சிறு புள்ளிகளாக வைக்கும் இந்தத் தொடரில் இவ்வளவு பெரிதாக ஒரு பெண்ணுரு வருவது அரிது. பாலம் தொலைவில் இருக்கிறது. அவள் பாலத்தில் இல்லை, பாலத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறாள். ஆண்களின் இன்ப வழியை ஆற்றின் மறுபக்கத்திலிருந்து பார்க்கும்படி நம்மை நிறுத்தியிருக்கிறார் ஹிரோஷிகே.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். விருந்துக்குப் போகும் கெய்ஷா இரவில் தனியே போவது வழக்கமில்லை. ஷமிசென் என்ற நரம்பிசைக் கருவியின் பெட்டியைச் சுமந்து ஓர் ஆள் கூட வருவான். அவன் படத்தில் இல்லை. ஒருவேளை சட்டத்துக்கு இரண்டடி வெளியே இருக்கிறான். ஹிரோஷிகே இந்தத் தொடர் முழுவதும் பொருள்களை விளிம்பில் வெட்டிக் காட்டுவதில் வல்லவர். குதிரையின் பின்னங்கால்கள், படகோட்டியின் முழங்கால், கொடியின் ஓரம். அதே வெட்டுத்தான் இவளையும் தனியாக்கியது என்பது என் கணிப்பு. தனிமை அவள் வாழ்க்கையிலிருந்து வந்ததாகத் தோன்றவில்லை. நெடுக்காக நிமிர்ந்த தாளின் அளவிலிருந்து வந்திருக்கிறது.

அதே ஆண்டில் அதே தொடரில் வந்த ஷின்-ஓஹஷி திடீர் மழைப் படத்தை உலகமே அறியும். குடைக்குள்ளும் பாய்க்குள்ளும் ஒடுங்கிப் பாலத்தில் விரையும் மனிதர்களின் முகங்கள் தெரிவதில்லை. மழைக்கோடுகளை மெல்லிய கம்பிகளாகத் தனிக் கட்டைகளில் செதுக்கிய செதுக்குநரின் கைத்திறம் அந்தப் படத்தில் ஹிரோஷிகேக்குச் சமமான பங்குக்கு உரியது. வான் கோ 1887இல் இதை எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். மறு ஆண்டு ஆர்ல் நகரில் லாங்லுவா தூக்குப் பாலத்தைப் பலமுறை வரைந்தபோது, ஒரு படத்தில் பாலத்தின் மேல் குடை பிடித்த பெண் ஒருத்தியை மட்டும் நிறுத்தினார். ஹிரோஷிகேயின் பாலத்தில் இருந்த கூட்டம் போய் ஒருத்தி மிஞ்சினாள். பாலத்துத் தனிமகள் பற்றிய மேலைநாட்டு ஆசை எவ்வளவு முன்பே உருப்பெற்றுவிட்டது என்பதற்கு இது நல்ல சான்று.

யொஷிதொஷி 1885 முதல் 1892 வரை வெளியிட்ட நிலவின் நூறு தோற்றங்களில் தனித்த பெண்கள் நிறைய வருகிறார்கள். நிலவொளியில் சுருட்டிய பாயோடு நிற்கும் தெருவோரப் பரத்தை அவர்களில் ஒருத்தி. யொஷிவாராவின் பட்டுடுத்த பெண்களை வரைந்த கலையில் இவளும் இடம்பிடித்தது சிறிய செய்தி இல்லை. ஆனாலும் யொஷிதொஷி பழங்கதைகளின் ஓவியர். அவருடைய பெண்களுக்குப் பெயரோ கவிதையோ கூடவே வருகிறது.

பெயரும் கதையும் இல்லாத பெண்ணைப் பாலத்தில் ஏற்றியவர் கியோச்சிகா. அவர் ஷோகுன் ஆட்சியின் சிறு அலுவலர் குடும்பத்தில் 1847இல் பிறந்தவர். ஆட்சி கவிழ்ந்தபின் ஊரைவிட்டுப் போய் 1874இல் திரும்பி வந்தபோது எதோ தோக்கியோவாகியிருந்தது. எரிவாயு விளக்கு, செங்கல், தந்திக்கம்பம், ரயில். 1876 முதல் 1881 வரை அவர் வெளியிட்ட ஒளிக்கதிர்ப் படங்கள் என்ற தொடரில் கறுப்புக் கோட்டெல்லை மங்கிப்போய், ஒளியும் நிழலும் மட்டும் நிற்கின்றன. ஆற்றங்கரையில் ஆணும் பெண்ணும் நிழலுருக்களாக நிற்கிறார்கள். பாலத்தில் பெண் முதுகு காட்டி நடக்கிறாள். அவர்கள் யாரென்று கேட்பதில் பயனில்லை. புதிய நகரத்தைப் பார்க்கும் கண்கள் அவர்கள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று நாமும் வங்கியைப் பார்க்கிறோம். பழைய எதோவின் உடை, பழைய குடை, காலடியில் பனி; எதிரே பணத்தின் புதுக்கோயில். தன் ஊரைத் தோற்றவர் ஒருவர் மட்டுமே இப்படி வரைந்திருக்க முடியும் என்று நம்புகிறேன். கய்யுன் பாலத்துப் பெண்ணின் தனிமை உஜி நங்கையிடமிருந்து வந்ததில்லை. ஷோகுன் ஆட்சி கவிழ்ந்த 1868க்குப் பின் வந்த ஜப்பானிடமிருந்து வந்தது.

இதன் பிறகு வந்தவர்கள் பலர் இந்தக் கொடிவழியில் வந்தவர்களே. கியோச்சிகாவின் வீட்டில் தங்கி வளர்ந்த ட்சுச்சியா கோயிட்சு, 1930களில் மழை இரவையும் விளக்கொளியையும் குடை பிடித்த பெண்ணையும் தொடர்ந்து வரைந்தார். இன்னொரு கிளை யொஷிதொஷியிலிருந்து தொஷிகதா, அவரிடமிருந்து கபுராகி கியொகதா, அவரிடமிருந்து இத்தோ ஷின்சுயியும் கவாசே ஹசுயியும் என்று இறங்குகிறது. இவர்களை ஒன்றுசேர்த்தவர் பதிப்பாளர் வதனபே ஷோசபுரோ. வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர், பதிப்பாளர் என்ற பழைய நால்வர் முறையை மீட்டு, புதிய அச்சுப்படம் என்ற பெயரில் அவர் விற்றார். வாங்கியவர்களில் பெரும்பங்கு வெளிநாட்டவர். 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் அவருடைய கட்டைகளும் இருப்பும் எரிந்தன. ஹசுயியின் குறிப்பேடுகளும் எரிந்தன. மீண்டும் தொடங்கியபோது வெளிநாட்டுச் சந்தை இன்னும் முக்கியமாயிற்று. அமெரிக்காவின் தொலீதோ கலைக்கூடத்தில் 1930இலும் 1936இலும் நடந்த கண்காட்சிகள் அந்தச் சந்தையின் உச்சம்.

தொழில் காரணங்களையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். குறியீடுகளைத் தேடுபவர்கள் இவற்றைத் தொடுவதே இல்லை. அச்சிடாமல் விட்ட வெள்ளைத் தாளே பனி. அதனால் பனிக்காட்சியில் தாளின் அழகே வேலையைச் செய்துவிடுகிறது. அந்த வெண்மையில் ஒரு குடையின் சிவப்போ மஞ்சளோ விழுந்தால் கண் அங்கே போய் நிற்கும். குடை முகத்தை மறைக்கும். முகம் வேண்டாத இடத்தில் உருவத்தைச் சிறிதாக்கலாம். ஒற்றை உருவம் இருந்தால்தான் கோபுரத்தின் உயரமும் பாலத்தின் நீளமும் தெரியும். பாலத்துக்கு இன்னொரு வசதி. தாளை மூலைவிட்டமாகவோ குறுக்காகவோ பிரித்து, மேலே வானுக்கும் கீழே நீருக்கும் நிறம் கரைந்து மங்கும் அச்சு முறையைக் காட்ட இடம் கொடுக்கிறது. ஹசுயியின் படங்களில் மிக அதிகம் விற்றவற்றுள் ஒன்றான 1925 ஷிபா ஸோஜோஜியில் பாலமே கிடையாது. சிவந்த கோயில் வாயில், பனிப்புயல், குனிந்து நடக்கும் பெண். வாயில் இங்கே பாலத்தின் வேலையைச் செய்கிறது. பாலத்துக்கே உரிய பொருள் என்று எதையும் பிடிவாதமாகச் சொல்வதற்கு இந்தப் படம் தடையாக நிற்கிறது.

அதே ஓவியர் 1926இல் ஷின்-ஓஹஷியை வரைந்தார். ஹிரோஷிகேயின் மரப் பாலம் போய்விட்டது; 1912இல் கட்டிய இரும்புப் பாலம் அது. நிலநடுக்கத்தில் சுமிதாவின் மற்றப் பாலங்கள் எரிந்தும் சிதைந்தும் போனபோது இது மட்டும் தாங்கி நின்று ஏராளமானோரைக் காப்பாற்றியது. ஹசுயியின் படத்தில் இரவு மழை, ஈரத்தில் மின்னும் தளம், இரும்புச் சட்டங்கள், ஒரு ரிக்‌ஷா. மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே திரண்ட கூட்டத்தின் சுவடு எதுவும் இல்லை. ஹசுயியை நான் நேசிக்கிறேன்; ஆனாலும் இந்தப் படத்தின் அமைதிக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாலத்தை மக்களிடமிருந்து எடுத்து மனநிலைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதே ஆண்டுகளில் ஓவியரே வரைந்து செதுக்கி அச்சிடும் படைப்பு அச்சுப்பட இயக்கத்தினர் எதிர்ப்பக்கம் போனார்கள். எட்டுக் கலைஞர்கள் 1928 முதல் 1932 வரை வெளியிட்ட புதிய தோக்கியோவின் நூறு காட்சிகளிலும், கொய்சுமி கிஷியோவின் தனித் தொடரிலும் எஃகுப் பாலங்கள் தங்கள் ஆணிகளோடும் வளைவுகளோடும் வருகின்றன. ஏங்கி நிற்கும் பெண்ணுக்கு அங்கே முதலிடம் இல்லை. வெளிநாட்டில் இந்தப் படங்கள் ஹசுயியின் படங்களைப்போல் பரவவில்லை. ஜப்பானிய அச்சுப்படம் என்றதும் உலகத்தின் மனக்கண்ணில் குடையும் பனியும் பெண்ணும் வருவதற்கு, எந்தப் படங்கள் கப்பல் ஏறின என்பதும் ஒரு காரணம்.

பெண்ணியத் திறனாய்வாளர்கள், ஆண்கள் வரைந்து ஆண்கள் வாங்கிய உருவம் இது என்கிறார்கள். பெரும்பாலும் சரி. பதிப்பாளர்களும் செதுக்குநர்களும் ஓவியர்களும் ஏறக்குறைய எல்லோருமே ஆண்கள். ஆனால் முதுகு காட்டும் பெண்ணுக்கு அந்த வாதம் முழுவதும் பொருந்தவில்லை. உதமாரோவின் பெண்ணைப் பார்ப்பதுபோல் கியோச்சிகாவின் பெண்ணைப் பார்க்க முடியாது. அவள் நம்மைப் பார்க்க மறுக்கிறாள், நாம் அவள் பார்ப்பதைப் பார்க்கிறோம். அந்த வாதம் மிகக் கூர்மையாகப் பொருந்துவது இன்னொன்றில். அவளுக்குப் போகுமிடம் கொடுக்கப்படவில்லை.

போகுமிடம் கொடுத்த பெண்கள் இருந்தார்கள். ஹொகுசாயின் மகள் ஓயி யொஷிவாராவின் இரவை வண்ண ஓவியமாக வரைந்தபோது, மரச்சட்டங்களுக்குப் பின்னால் ஒளியில் அமர்ந்திருக்கும் பெண்களையும் வெளியே இருளில் நின்று பார்ப்பவர்களையும் ஒரே சட்டத்தில் வைத்தார். தன் பெயரின் எழுத்துகளைப் படத்திலுள்ள விளக்குகளில் பிரித்து ஒளித்துவைத்தார். ஹிகுச்சி இச்சியோ யொஷிவாரா அகழிக்கு அருகிலேயே குடியிருந்து சிறு கடை நடத்தியவர். 1895இல் வந்த அவருடைய பதின்மூன்றாம் இரவு கதையில் ஒசெகி என்ற பெண் கணவனின் கொடுமை தாங்காமல் இரவில் தாய் வீட்டுக்கு வருகிறாள். மகனையும் தம்பியின் வேலையையும் காட்டித் தந்தை அவளைத் திருப்பி அனுப்புகிறார். வழியில் ஏறிய ரிக்‌ஷாவை இழுப்பவன் அவள் ஒருகாலத்தில் மணக்க நினைத்தவன். இருவரும் சிறிது தூரம் நடந்து பிரிகிறார்கள். அவள் கணவன் வீட்டுக்கே போகிறாள். நிலவு, இரவு, தனியே செல்லும் பெண் என்று அச்சுப்படக்காரர்கள் கையாண்ட அத்தனையும் கதையில் உண்டு. அவற்றோடு யார் அவளை அனுப்பினார்கள், யாருக்காகப் போகிறாள், அங்கே என்ன காத்திருக்கிறது என்பதும் உண்டு. கியொகதா இச்சியோவின் தீவிர வாசகர். 1902இல் அவருடைய கல்லறையையே ஓவியமாக்கினார். அந்தக் கியொகதாவின் மாணவர்தான் ஹசுயி. கதையிலிருந்து படத்துக்கு வந்தபோது எது கழிந்தது என்பதை இந்த வரிசையில் வைத்து இன்னும் விரிவாக ஆராய இடமிருக்கிறது. பாலத்துப் பெண்ணைப் பற்றி இனி எழுதுபவர்கள் குறியீட்டு அகராதிக்கு முன்னால் இச்சியோவின் கதைகளை எடுத்துப் படிக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.